பூமயில் வீட்டு மழை

கோத்தகிரிக்குக் கீழே சோலைக்கொம்பை என்ற தேயிலைக் குடியிருப்பில், ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாகக் கிடந்தபோது, பவளாயியின் விறகடுப்புக்குள் மழை பெய்தது.

அது மண் அடுப்பு அல்ல, கால் வைத்த இரும்பு அடுப்பு. ஏதோ ஒரு பழைய பங்களாவை இடித்தபோது வேண்டாமென்று வெளியே போட்டிருந்ததை அவள் கணவன் சடையாண்டி நான்கு பேரைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் இறக்கியிருந்தான். முன்னால் ஒரு கதவும், கீழே சாம்பல் தட்டும், பின்பக்கத்திலிருந்து கிளம்பிக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் தகரப் புகைக்குழாயும் அதற்கு இருந்தன. ஐப்பசி மழையில் அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிச் சாம்பலைச் சேறாக்குவது எல்லா வருஷமும் நடப்பதுதான். ஆனால் ஆனி, ஆடியில் கோத்தகிரிப் பக்கம் காற்று வருமே தவிர மழை வராது. அன்றைக்குக் காலையில் சுள்ளி வைத்துப் பற்றவைத்து, காப்பித் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய நேரத்தில், உள்ளே சுர்ரென்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று, பிறகு நெருப்பு அணைந்து கதவிடுக்கு வழியாகச் சாம்பல் தண்ணீர் கறுப்பாக வழிந்தது. பவளாயி வெளியே ஓடிப்போய் கூரையைப் பார்த்தாள். கூரைமேல் வெயில் அடித்தது. காயப்போட்ட துணிகள் மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்தன.

சடையாண்டி கோத்தகிரி சந்தைக்கடையிலிருந்து தாவூது பாயை அழைத்து வந்தான். தாவூது பாய் தகர வேலைக்காரர். இருபது வருஷமாக அந்த மலைச்சரிவில் உள்ள வீடுகளின் புகைக்குழாய்களுக்கெல்லாம் தொப்பி செய்து மாட்டியவர். அவர் கூரைமேல் ஏறி, குழாயின் வாயைக் கையால் தடவிப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்றார். கீழே அடுப்புக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் குழாயின் வாய்க்கு ஒரு தொப்பி மாட்டினார், அதன்மேல் ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டினார், இறங்கி வந்து அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தார், தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தாவூது பாய் கொஞ்ச நேரம் நின்று தாடியைத் தடவிவிட்டு, மேலேயிருந்து வராத தண்ணிக்கு மேலே தொப்பி வைத்துப் பிரயோஜனமில்லை, இதைக் கீழேதான் சமாளிக்க வேண்டும், யோசித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மறுபடி ஏறிச் சாக்கையும் தொப்பியையும் கழற்றிக்கொண்டு போனார். அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. தன் தொப்பி வேலை செய்யவில்லையே என்கிற வருத்தம்தான் அவருக்கு இருந்தது.

அன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது, பவளாயி அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மூன்று சொட்டு விழும், ஒரு மூச்சு விடும் நேரம் நிற்கும், பிறகு இரண்டு சொட்டு விழும். மறுபடியும் மூன்று, ஒரு நிறுத்தம், இரண்டு. அந்தச் சொட்டு அவளுக்குத் தெரியும். கடலுக்கு அப்பால், இலங்கையில், அட்டனுக்கு மேலே, வெள்ளைக்கல் தோட்டத்து லயத்தில், அவள் பிறந்த அறையின் தகரக் கூரையில், அடுப்புக்கு நேர் மேலே இருந்த ஓட்டையின் சொட்டு அது. பத்து அறைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த அந்த லயத்தில், ஏழாவது அறையில், அவளும் அவள் தங்கை பூமயிலும் ஒரே சாக்கில் படுத்துக்கொண்டு அந்தச் சொட்டை எண்ணியபடியேதான் தூங்கிப்போவார்கள். இப்போது அந்த அறையில் பூமயில் இருந்தாள், அவள் புருஷன் பிள்ளைகளோடு.

குடியுரிமைக் காகிதங்கள் வந்தபோது அக்காள் குடும்பம் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று ஒன்றிலும், தங்கை குடும்பம் அங்கேயே இருக்கலாம் என்று இன்னொன்றிலும் எழுதியிருந்தது. அம்மாவின் பெயர் அக்காளுடைய காகிதத்தில் இருந்தது. ரயில் ஏற்ற வந்த பூமயில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த உடம்பை வைத்துக்கொண்டு இவளை எங்கோ தெரியாத மலைக்குக் கூட்டிப்போகிறாயே, இவள் பிழைக்கமாட்டாள், எப்படியாவது இங்கேயே விட்டுவிட்டுப் போ என்று கெஞ்சினாள். விட்டுவிட்டுப் போக அந்தக் காகிதத்தில் இடமில்லை. கப்பலேறி, முகாமில் இருந்து, கோத்தகிரி வந்து சேர்ந்த முதல் ஆடிக்காற்றிலேயே நெஞ்சுச்சளி கண்டு அம்மா போய்விட்டாள். சடையாண்டி கடிதம் எழுதிப் போட்டான். ஒரு மாதம் கழித்து வந்த பதிலில், நான் சொன்னேனே என்று ஒரே வரி இருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாக இரண்டு பக்கமும் கடிதம் இல்லை.

பவளாயி தனக்குத் தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சோலைக்கொம்பையில் இருந்த எழுபது குடும்பங்களும் அதே கப்பலில் வந்தவர்கள்தானே. மூன்றாம் நாள், அக்கரையில் கங்காணியாக இருந்து இங்கே வந்து எல்லோரையும்போல மருந்தடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காளிங்கன் கங்காணி, வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி, கரியை ஊதி ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தார். பிறகு, இது அட்டன் தண்ணி என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஆட்கள் பாத்திரத்தோடு வரத் தொடங்கினார்கள். தேத்தண்ணி போடுவதற்கென்று சிலர் வாங்கிப் போனார்கள். வாயில் ஒன்றும் இறங்காமல் கிடந்த ஒரு கிழவருக்கு ஒரு கரண்டி கொடுத்தார்கள், அவர் அதைக் குடித்துவிட்டு, உப்பு இல்லை என்று குறை சொல்லிவிட்டுக் கஞ்சி கேட்டார். ஒரு பெண் பிறந்த குழந்தையின் தலையில் இரண்டு சொட்டு வைத்தாள். பக்கத்து வீட்டு மாரக்காள் மட்டும், எங்களை அடித்து விரட்டிய ஊரின் தண்ணீர் என் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள், அவளுக்கு அந்த ஊரில் எரிந்துபோன வீடு ஒன்று இருந்தது, அதனால் யாரும் அவளை வற்புறுத்தவில்லை. ஆனால் அதே மாரக்காள்தான், பவளாயி வீட்டு அடுப்பு எரியாத நாளில் யார் யார் வீட்டில் அவளுக்கு உலை வைப்பது என்று முறை போட்டுக் கொடுத்தாள். திங்கள் செவ்வாய் என் வீடு, புதன் வியாழன் கங்காணி வீடு என்று. பத்து நாளுக்குள் அந்த மழை சோலைக்கொம்பைக்குப் பழகிவிட்டது. இன்றைக்கு அங்கே நல்ல மழை போலிருக்கிறது என்று பைப்படியில் பேசிக்கொண்டார்கள். கொழுந்து பறிக்கும்போது, பவளாயி, உன் தங்கச்சி வீட்டில் மழை வெறித்துவிட்டதா என்று விசாரித்தார்கள். யாருக்கும் அவள் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அங்கே மழை ஓய்ந்த நாட்களில் பவளாயி அடுப்பைச் சுரண்டிக் காயவைத்துப் பற்றவைத்தாள். அப்படி ஒரு நாள், புதிதாக ஏதோ யோசனையோடு வந்து கூரைமேல் ஏறியிருந்த தாவூது பாய், மேலேயிருந்து குரல் கொடுத்து, அடுப்பு எரிகிறதா என்று கேட்டார். எரிகிறது, நன்றாக இழுக்கிறது என்று அவள் சொன்னாள். அப்படியானால் புகை எங்கே என்று கேட்டார். குழாயின் வாயிலிருந்து ஒரு இழை புகைகூட வரவில்லை. அவர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார், குளிர்ந்த காற்றுதான் இருந்தது.

பவளாயி கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். அங்கே கூரையில் விழுவது இங்கே வருகிறது என்றால் இங்கே எழுவது எங்கே போகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிரே கிடந்த விறகைப் பார்த்தாள். பாதி ஈரம். தங்கையின் கண் சின்ன வயசிலிருந்தே புகைக்கு ஆகாது, கொஞ்சம் பட்டாலும் சிவந்து நீர் கோத்துக்கொள்ளும். அன்றிலிருந்து அவள் ஈர விறகை அடுப்புக்குள் வைக்கவில்லை. வேலை முடிந்து வந்து, விறகைச் சன்னமாகப் பிளந்து, வெயிலில் பரப்பி, திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தாள், அப்பளத்தைக் காயவைப்பதுபோல. புகையில்லாமல் எரியட்டும் என்று. அம்மாவின் திதியன்று, ஒரு துண்டு சாம்பிராணியைத் தணலில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நெடுநேரம் அடுப்பின்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். சடையாண்டி அதைப் பார்த்தான். தங்கைக்கு ஒரு கடிதம் எழுதலாமே என்றான். எழுதி என்ன செய்ய என்றாள். அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டிய ஒன்று ஒன்பது வருஷமாக அவளிடம் சொல்லாமல் கிடந்தது. அதைச் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாகப் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆடி பதினெட்டு கழிந்து நான்காம் நாள். ஐந்து நாளாக விடாமல் அடுப்புக்குள் மழை. சொட்டு என்பதெல்லாம் போய் நூல் பிடித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டுக்கு வந்த பவளாயி வாளியை மாற்றப் போனபோது, தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. கையை விட்டுத் துழாவினாள். கரி இல்லை, மண். மண்ணோடு புல் வேர்கள்.

அவள் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கங்காணி வீட்டுக்கு ஓடினாள். கங்காணி மண்ணை விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தார். அந்த லயத்தின் பின்புறம் என்ன என்று கேட்டார். மலையை வெட்டி இறக்கிய மேடு என்றாள், கூரையின் பின் ஓரத்துக்கும் மேட்டுக்கும் ஒரு கை தூரம்தான் என்றாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"மண்ணு கூரைக்கு வந்துருச்சு ஆயி. எங்க தோட்டத்துல இப்படித்தான் வந்துச்சு. அரை நாள்ல மலையே வந்துச்சு."

சடையாண்டி தந்தி கொடுக்கக் கோத்தகிரிக்கு ஓடினான். தந்தி அங்கே லயத்துக் கதவைத் தட்ட இரண்டு நாளாவது ஆகும் என்று தந்தி ஆபீசில் சொன்னார்கள், ஆனாலும் கொடுத்தான். வரும் வழியில் சந்தைக்கடையில் நின்று தாவூது பாயிடம் சொன்னான். அவர் கத்தரியையும் ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னையும் எடுத்துக்கொண்டு அவனோடு வந்தபோது, பவளாயியின் சமையலறையில் காலனியே நின்றுகொண்டிருந்தது. அவள் அடுப்பின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள்.

"புகை போடணும் பாய்," என்றாள். "அங்க இருக்கிற ஒருத்தராலயும் உள்ள நிக்க முடியக் கூடாது. பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை. புகை எல்லாத்துக்கும் போகும்."

தாவூது பாய் அடுப்புக்குள் தலையை நுழைத்துத் தண்ணீர் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தார். பிறகு டின்னைப் பிரித்து, நீளமாக ஒரு தகடு வெட்டி, இரண்டு ஓரத்தையும் வாய்க்கால்போல் மடக்கி, புகைக்குழாய் தொடங்கும் இடத்துக்குக் கீழே சாய்வாகச் செருகினார். தண்ணீர் தகட்டில் விழுந்து, சரிந்து, சாம்பல் தட்டு இருந்த வாய் வழியாக வாளிக்குள் ஓடியது. தகட்டின் மறுபக்கம் அடுப்பின் பாதி இடம் காய்ந்து கிடந்தது. ஒரு மாதமாக அவர் யோசித்துக்கொண்டிருந்தது அதுதான். கீழே சமாளிப்பது என்று அவர் சொன்னது அதைத்தான்.

பவளாயி தான் காயவைத்த சன்ன விறகையெல்லாம் அங்கே அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தாள். தீ நின்று எரிந்ததும் அதன்மேல் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட ஈரத் தேயிலைக் குச்சிகளைப் போட்டாள், பச்சைத் தைலமர இலைகளை அமுக்கினாள், கடைசியில் பரணிலிருந்து மிளகாய் வற்றல் பானையை இறக்கி அப்படியே கவிழ்த்தாள். அது போதாது என்று கங்காணி சொன்னார். அவர் மனைவி வருஷத்துக்கு வாங்கி வைத்திருந்த வற்றலை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். ஆளாளுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பினார்கள், காகிதப் பொட்டலத்தில், முறத்தில், குழந்தையின் குல்லாயில்கூட வற்றல் வந்தது. வரிசையில் கடைசியாக மாரக்காள் நின்றாள். அந்த ஊர்த் தண்ணீரை வாசலில் ஏற்றாத மாரக்காள், ஒரு பெரிய அலுமினியச் சட்டி நிறைய வற்றலைக் கொண்டுவந்து பவளாயியிடம் நீட்டிவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டாள்.

அத்தனை மிளகாய் எரிந்தும் அந்தச் சமையலறையில் ஒருவருக்கும் தும்மல் வரவில்லை. நாற்பது பேர் தோளோடு தோள் இடிக்க நின்று, திறந்த அடுப்புக் கதவுக்குள் சிவப்பு வற்றல்கள் உப்பி, கறுத்து, மஞ்சள் புகையாகச் சுருண்டு குழாய்க்குள் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் காற்று கழுவினாற்போல் தெளிவாக இருந்தது. வெளியே வெயில் அடித்தது. தகட்டின் மேல் செம்மண் தண்ணீர் ஓடுகிற சத்தமும் விறகு வெடிக்கிற சத்தமும் மட்டும்தான். பவளாயி மனசுக்குள் தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், திட்டிக்கொண்டும் இருந்தாள், எழுந்திரு, பிள்ளைகளைத் தூக்கு, சட்டி பானையைப் பார்க்காதே, வெளியே போ, என்னைச் சபித்துக்கொண்டாவது வெளியே போ என்று.

நான்கு மணி வாக்கில் தண்ணீர் நின்றது. குறைந்து நிற்கவில்லை, குழாயைத் திருகி மூடினாற்போல் நின்றது. ஒரு மூச்சு நேரம் எல்லோரும் தகட்டையே பார்த்தார்கள். அடுத்த நொடியில் அடுப்புக்குள்ளிருந்த மிளகாய்ப் புகை மொத்தமும் திரும்பி அவர்கள் முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வெளியே ஓடினார்கள். வெளியே வந்து பார்த்தபோது, பவளாயி வீட்டுப் புகைக்குழாயிலிருந்து கனமான மஞ்சள் புகை கிளம்பி, தேயிலைக்கு மேலே நேராக ஏறிக்கொண்டிருந்தது. அங்கே இனி புகை போய்ச் சேர ஒரு வீடு இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. பவளாயி வாசலில் உட்கார்ந்து, இரும்பு சுட்டுக் கொப்பளித்திருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரக்காள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் வானொலியில், அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மண் சரிந்து லயம் ஒன்று மூடிப்போனதாக ஒரு வரி வந்தது. ஆட்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பவளாயி வேலைக்குப் போனாள், கொழுந்து பறித்தாள், நிறுத்தாள், வந்தாள். அடுப்பு வறண்டு கிடந்தது. அதைப் பற்றவைக்க அவளுக்குக் கை வரவில்லை, மாரக்காள் போட்ட முறைப்படியே சாப்பாடு வந்துகொண்டிருந்தது. பத்தொன்பது நாள் அப்படிப் போயிற்று.

இருபதாம் நாள் கடிதம் வந்தது. சடையாண்டி வாசலில் நின்று படித்தான், காலனி கேட்டது. பூமயில் எடுத்த எடுப்பிலேயே சண்டை போட்டிருந்தாள். மூட்டாத அடுப்பிலிருந்து மிளகாய்ப் புகை வந்ததாம், அத்தனை அறைக்காரர்களும் இருமிக்கொண்டே அவளைத் திட்டித் தீர்த்தார்களாம், நான் அடுப்பே மூட்டவில்லை என்று அவள் சத்தியம் செய்ததை ஒருவரும் நம்பவில்லையாம். கொட்டுகிற மழையில் ஐம்பத்தாறு பேரும் கைப்பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மலை இறங்கி லயத்தின்மேல் உட்கார்ந்ததாம். ஒரு ஆள் சேதமில்லை. கட்டிப்போட்டிருந்த மாடு ஒன்று போய்விட்டது. பிறகு இப்படி எழுதியிருந்தாள்: ஒரு மாதத்துக்கு மேலாக எங்கள் அடுப்புக்குள்ளிருந்து நீ ரசம் தாளிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது. அம்மா திதியன்று சாம்பிராணி வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுது. வந்து பார்க்க வேண்டும்.

தை மாதம் பூமயில் வந்தாள். கோத்தகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கியவளின் கண் அப்போதும் சிவந்துதான் இருந்தது. அக்காளும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. பவளாயி அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகலாம் என்றதற்கு, முதலில் அம்மாவைப் பார்க்கிறேன் என்றாள் பூமயில்.

தேயிலைக்கு மேலே, சோலை தொடங்குகிற இடத்தில், புல் மூடிய மேடாக அம்மா இருந்தாள். பனிமூட்டம் கீழேயிருந்து மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. பூமயில் மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து புல்லை விரலால் கோதிவிட்டாள். அம்மா கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள்.

பவளாயி நின்றபடியேதான் சொன்னாள்.

"மூணு நாளா உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டுக் கிடந்தா. என்னை அடையாளம் தெரியல. பூமயிலு வந்தாளா, பூமயிலு வந்தாளான்னு. மூணாம் நாளு என்னால தாங்க முடியல. கையைப் பிடிச்சுக்கிட்டு, நான்தாம்மா பூமயிலு, வந்துட்டேன்னு சொன்னேன். அப்புறந்தான் கண்ணை மூடினா. உன் பேரை நான் எடுத்துக்கிட்டேன். அதை எப்படி எழுதறதுன்னு தெரியாமத்தான் எழுதல."

மூட்டம் வந்து அவர்கள் இருவரையும் மூடியது. தேயிலையும் தெரியவில்லை, கீழே காலனியும் தெரியவில்லை. பூமயில் சற்று நகர்ந்து உட்கார்ந்து, புல்மேட்டின் பக்கத்தில் அக்காளுக்கு இடம் விட்டாள்.

"உக்காரு," என்றாள். "நான் வந்தேன்னு அவ நம்பினாளா?"

"நம்பினா."

"அப்ப நான் வந்துட்டேன்தானே," என்றாள் பூமயில்.